ஐந்தாவது தோட்டா

கேள்வி:

ஐயா, நான் ஹூஸ்டன் புறநகரில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுத் தனியாகத்தான் காருக்குப் போக வேண்டும். போன வருடம் ஒருவன் கார் வரைக்கும் பின்னாலேயே வந்தான். அதற்கப்புறம் என் கணவர் ஒரு ரிவால்வர் வாங்கித் தந்தார். .357 மேக்னம் என்ற அதிக சக்தியுள்ள தோட்டா ரகத்துக்கானது, ஐந்து தோட்டா பிடிக்கும், வெறும் துப்பாக்கி 12 அவுன்ஸ்கூட இல்லை. ‘பெண்கள் கைக்கு இதுதான் சரி, கைப்பையில் இருப்பதே தெரியாது’ என்று கடையில் சொன்னார்களாம். துப்பாக்கிச் சந்தையில், கன் ஷோவில், மலிவாகக் கிடைத்தது என்று ஒரு ஜிப்லாக் பையில் நூறு மேக்னம் தோட்டாவும் வாங்கி வந்தார். எல்லாம் ஈயக் குண்டு, யாரோ வீட்டில் மறுபடி நிரப்பியவை. சுட்டுப் பழகும் ரேஞ்சில் மூன்று சுட்டேன், கை மரத்துப்போனது. நான்காவதுக்கு விசையை இழுத்தால் அசையவே இல்லை. ரேஞ்ச் ஆபீசர் வந்து பார்த்து, ஒரு குண்டு உறையிலிருந்து முன்னால் வந்து இடிக்கிறது என்றார். துப்பாக்கி பழுதா, தோட்டா பழுதா? குழலில் ‘120 கிரெய்னுக்குக் குறையாத குண்டு’ என்று பொறித்திருக்கிறதே, அது எதற்கு? .38 தோட்டா போட்டால் போதுமா? ‘அதற்குக் கவண்கல்லே எறியலாம்’ என்கிறார் கணவர். எதை வாங்குவது?

பதில்:

அம்மா, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் துப்பாக்கி பழுதில்லை. தோட்டாவும் வேறொரு துப்பாக்கியில், கனமான எஃகு ரிவால்வரில், ஒழுங்காக வெடித்திருக்கலாம். இரண்டும் சேர்ந்ததுதான் கோளாறு. டெக்சஸில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இறுகிப்போன சிலிண்டரோடு (தோட்டாக்களைப் பிடித்துச் சுழலும் உருளை) என் மேஜைக்கு வந்த இலகு ரிவால்வர்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

தோட்டா என்பது உறை, அதன் அடியில் தட்டியதும் தீப்பற்றும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. அவ்வளவுதான். குண்டைப் பிடித்து வைத்திருப்பது உறையின் வாய்ப்பிடிப்பு மட்டுமே. விளிம்பைக் கொஞ்சம் உள்ளே மடித்து இறுக்கியிருப்பார்கள், அதை கிரிம்ப் என்போம். நீங்கள் முதல் தோட்டாவைச் சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. சிலிண்டரும் பின்னால் போகிறது, மிச்சமுள்ள நான்கு உறைகளையும் அடி விளிம்பைத் தள்ளிக் கூடவே கொண்டுபோகிறது. ஆனால் உறைக்குள் இருக்கும் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. பிடிப்பு தளர்வாக இருந்தால் உறை பின்னால் போய்விடும், குண்டு ஒரு நூல் முன்னால் வந்து நிற்கும். அடுத்த வெடிக்கு இன்னொரு நூல். நான்காவதோ ஐந்தாவதோ சுடும் நேரத்தில் குண்டின் மூக்கு சிலிண்டரைத் தாண்டி வெளியே நீட்டி, குழலின் பின்புறத்தில் இடிக்கும். அப்புறம் சிலிண்டர் எப்படிச் சுற்றும்?

வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்களிடம் ஒரு சுத்தியல் இருக்கும். தப்பாக நிரப்பிய தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டி, கெட்டியான ஒன்றின் மேல் ஓங்கி அடித்தால், குண்டு தானாகக் கழன்று விழும். உங்கள் கையிலிருந்த ரிவால்வர் அன்றைக்கு அந்தச் சுத்தியலின் வேலையைத்தான் செய்திருக்கிறது.

எடைதான் இதில் எல்லாமே. ஒரே தோட்டாவை 24 அவுன்ஸ் எஃகு ரிவால்வரிலும் 12 அவுன்ஸ் ரிவால்வரிலும் சுட்டால், இலகுவானது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் பின்னால் வரும். உதையின் ஆற்றலும் இரு மடங்கு. அந்த வேகத்தில் வெட்டி இழுக்கும்போது சுமாரான கிரிம்ப் தாங்காது. ஈயக் குண்டு என்றால் இன்னும் மோசம், வழவழப்பாக மெழுகு தடவியிருக்கும், செப்பு மேலுறை போட்ட குண்டைப் போலப் பிடித்து நிற்காது. குண்டு கனமாக ஆக, இருந்த இடத்தில் நிற்கும் பிடிவாதமும் கூடும். இத்தனைக்கும் மேல், வீட்டில் நிரப்பிய தோட்டாவில் ஒன்றுக்கு இருக்கும் கிரிம்ப் அடுத்ததற்கு இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. தயாரிப்பாளர்கள் மறுநிரப்பிய தோட்டாவைப் போட்டால் வாரண்டி இல்லை என்று கையேட்டிலேயே எழுதி வைப்பது சும்மா இல்லை.

சிலிண்டர் இறுகுவது எரிச்சல்தான், ஆனால் அதில் ஆபத்து குறைவு. இதன் இன்னொரு முகம் எனக்கு அதிகப் பயம் தருவது. குண்டு முழுசாகத் தளர்ந்து, மருந்து கொட்டிப்போன தோட்டாவில் பிரைமர் மட்டும் வெடித்தால் குண்டு பாதிக் குழலிலேயே நின்றுவிடும். ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம், உதையே இருக்காது. அடுத்ததைச் சுட்டால் இரண்டாவது குண்டு முதல் குண்டின் மேல் மோதும். சில வருடங்களுக்கு முன் ஒருவர் கொண்டுவந்த ரிவால்வரின் குழலில், விரலில் மோதிரம் போட்டது போல ஒரு வளையம் வீங்கியிருந்தது. ‘ஒன்று சரியாக வெடிக்கவில்லை சார், அதனால் உடனே அடுத்ததைச் சுட்டேன்’ என்றார். அவர் விரல்கள் பத்தும் அப்படியே இருந்தன, அதிர்ஷ்டம். சத்தம் குறைந்து ஒலித்தால் அங்கேயே நிறுத்துங்கள். குழலைச் சுடும் திசையிலேயே வைத்து அரை நிமிடம் பொறுங்கள். சிலிண்டரைத் திறந்து எல்லாத் தோட்டாவையும் எடுத்துவிட்டு, குழல் காலியா என்று பாருங்கள். காலியில்லை என்றால் அன்றைய சுடுதல் முடிந்தது.

சிலிண்டர் இறுகினாலும் விசையை அழுத்தி மல்லுக்கட்டக் கூடாது. அன்றைக்கு நீங்கள் கைவைக்காமல் ஆபீசரைக் கூப்பிட்டீர்களே, அதுதான் சரி. வெளியே வந்த குண்டை ஸ்க்ரூடிரைவரால் உள்ளே தள்ளிப் பார்க்கிற வீரர்களும் உண்டு, அந்த வரிசையில் சேராதீர்கள்.

சரி, குழலில் பொறித்திருக்கும் எழுத்துக்கு வருவோம். கிரெய்ன் என்பது குண்டின் எடை. 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு, 120 கிரெய்ன் என்றால் எட்டு கிராமுக்குச் சற்றுக் கீழே. உங்கள் ரிவால்வரின் சட்டம், அதாவது உடற்கூடு, ஸ்கேண்டியம் கலந்த அலுமினியம், சிலிண்டர் டைட்டேனியம். இல்லாவிட்டால் இந்த எடைக்கு மேக்னம் துப்பாக்கி செய்ய முடியாது. மேக்னம் தோட்டாவில் குண்டு லேசாக இருந்தால், அதை வேகமாக ஓட்ட மருந்தை அதிகம் போடுவார்கள். குண்டு சீக்கிரமே உறையை விட்டுக் கிளம்பிவிடும், எரிந்து முடியாத மருந்துத் துகள்கள் அதன் பின்னாலேயே பாய்ந்து டைட்டேனியத்தை மணல் வீசியது போல அரிக்கும். அதனால்தான் 120க்குக் குறையாதே என்கிறார்கள்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். சிலிண்டரைக் காப்பாற்றக் கனமான குண்டு போட வேண்டும். கனமான மேக்னம் குண்டு போட்டால் அதிகம் உதைக்கும், பக்கத்துத் தோட்டாவின் குண்டு கழன்று வரும், உங்கள் மணிக்கட்டும் கழன்று வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்து மிகக் குறுகலானது. அதற்குள் நுழைய வேண்டாம் என்பதுதான் என் முடிவு. ‘.357’ என்று பொறித்திருப்பது அந்தத் துப்பாக்கி தாங்கும் எல்லை. தினமும் அந்த எல்லையில் போய் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

.38 ஸ்பெஷல் தோட்டாவைத் தாராளமாகப் போடலாம். .357 என்பதே .38இன் உறையைச் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீட்டி 1930களில் உண்டாக்கியதுதான். நீட்டியதற்குக் காரணமும் பாதுகாப்பு: மேக்னம் தோட்டா தவறிப்போய் .38 துப்பாக்கிக்குள் போய்விடக் கூடாது. அமெரிக்கத் தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பு ‘சாமி’, 1926இலிருந்து இருக்கிறது. சாமி வரம் கொடுக்குமா என்று தெரியாது, அளவு கொடுக்கும். அதன்படி .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, கூடுதல் அழுத்தத்துக்கு நிரப்பி ‘பிளஸ் பி’ என்று போட்ட .38க்கு 20,000, .357 மேக்னத்துக்கு 35,000. மேக்னத்துக்குக் கட்டிய துப்பாக்கிக்கு பிளஸ் பி ஒரு பாரமே இல்லை. ‘பிளஸ் பி பிளஸ்’ என்று ஒன்றும் விற்பார்கள், அதற்கு சாமியில் வரையறையே கிடையாது. விற்கிறவர் நினைத்ததுதான் அளவு. இலகு ரிவால்வரில் அதை நான் போட மாட்டேன்.

இது உங்களுக்கில்லை, அப்பாவின் பழைய .38ஐ அலமாரியில் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கு. பழைய அலுமினியச் சட்டத் துப்பாக்கிகளில் பல பிளஸ் பிக்குக் கட்டப்படாதவை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1958க்கு முந்திய தன் நடுத்தர அளவு ரிவால்வர்களிலும் பிளஸ் பி கூடாது என்கிறது. சிலிண்டரைத் திறந்ததும், அதைத் தாங்கும் உலோகக் கை மறைத்திருந்த சட்டப் பகுதியில் மாடல் எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள், எண் இல்லையென்றால் பழையது. ரொம்பப் பழைய கதையும் ஒன்று உண்டு. 1950களில் அமெரிக்க விமானப்படை விமானிகளுக்காகச் சட்டம் மட்டுமல்ல, சிலிண்டரே அலுமினியத்தில் செய்த ரிவால்வர்களை வாங்கியது. சாதாரண .38 அதற்குத் தாங்காது என்று 130 கிரெய்ன் குண்டோடு, அழுத்தம் குறைத்த தனித் தோட்டாவையே உண்டாக்கினார்கள். அப்படியும் சிலிண்டர்கள் விரிசல் விட்டன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் திரும்ப வாங்கி நொறுக்கிவிட்டார்கள். தப்பிப் பிழைத்த சில, சேகரிப்பாளர்களிடம் இன்று பெரிய விலைக்குப் போகின்றன, சுடுவதற்கல்ல, கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கு.

எதை வாங்குவது என்று கேட்டீர்கள். பயிற்சிக்கு 148 கிரெய்ன் ‘வாட்கட்டர்’. தலை தட்டையாக, குண்டு முழுவதும் உறைக்குள்ளேயே அமுங்கி இருக்கும். நொடிக்கு 700 அடி சுமாருக்குத்தான் போகும், உதை மெல்லியது. ஈயம்தான், ஆனால் இந்த உதைக்கு அதன் குண்டு நகர்வது அரிது. நகர்ந்தாலும் சிலிண்டரின் வாயை எட்ட வெகுதூரம் போக வேண்டும். தட்டை முனை என்பதால் அவசரத்தில் நிரப்பக் கொஞ்சம் தடுமாறும், அது ஒன்றுதான் குறை. கைப்பையில் வைத்துக்கொள்ள, இரண்டங்குலக் குழலை மனதில் வைத்துச் செய்த, செப்பு மேலுறை உள்ள 130, 135 கிரெய்ன் .38 பிளஸ் பி ரகங்கள் இருக்கின்றன. ஸ்பியரின் 135 கிரெய்ன் கோல்ட் டாட், ஃபெடரலின் 130 கிரெய்ன் எச்எஸ்டி இரண்டையும் என் மாணவர்கள் பலர் வைத்திருக்கிறார்கள். அதுவும் கையை வலிக்கிறது என்றால், வாட்கட்டரையே வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அனுபவசாலிகள் பலர் சின்ன ரிவால்வரில் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கணவரின் கவண்கல்லுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மேக்னம் தோட்டாவின் மருந்து நீளமான குழலில் எரிந்து முடிய வேண்டியது. உங்கள் குழல் இரண்டு அங்குலம்கூட இருக்காது. மிச்ச மருந்து வெளியே வந்துதான் எரியும், ராத்திரியில் ஒரு தீப்பந்தமாகத் தெரியும். அட்டைப்பெட்டியில் அச்சடித்த வேகத்தில் நூற்றுக்கணக்கான அடி அங்கேயே காணாமல் போகும். சத்தம் 160 டெசிபெல்லைத் தாண்டும், காருக்குள் சுட்டால் காது திரும்பாமலே போகலாம். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு, இரண்டாவது குண்டைக் குறிபார்க்கக் கை திரும்பி வர ஒரு யுகம் ஆகும். மூன்று சுட்டதில் கை மரத்துப்போனது என்கிறீர்கள். அவரையே ஐந்தும் சுடச் சொல்லுங்கள், கவண் பேச்சை அத்தோடு விட்டுவிடுவார்.

எதை வாங்கினாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் பையில் வைக்க வேண்டாம். ஐந்து தோட்டாவை எடுத்து, ஒன்றின் அடியில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். அதன் முழு நீளத்தைக் காலிப்பரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலிப்பர் இல்லையென்றால், சுடாத இன்னொரு தோட்டாவோடு தட்டையான மேஜையில் ஒட்டி நிற்க வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். புள்ளி வைத்தது கடைசியில் வரும்படி நிரப்பி, மற்ற நான்கையும் சுடுங்கள். திறந்து, புள்ளித் தோட்டாவை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். நகரவில்லை என்றால் அதே தோட்டாவை மறுபடி கடைசியில் வைத்து இன்னும் நான்கு சுட்டுப் பாருங்கள். எட்டு உதைக்கும் அசையாமல் நின்றால் அந்த ரகத்தை நம்பலாம். கண்ணுக்குத் தெரிகிற அளவு நகர்ந்திருந்தால் எவ்வளவு பெரிய பெயர் போட்ட பெட்டியாக இருந்தாலும் அந்தத் துப்பாக்கிக்கு அது ஆகாது. சோதித்த தோட்டாவைப் பைக்குத் திருப்ப வேண்டாம், அன்றைக்கே சுட்டுத் தீர்த்துவிடுங்கள். புதுப் பெட்டி வாங்கும்போதும் ஒரு தடவை செய்து பாருங்கள்.

அப்படியே குறியையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் துப்பாக்கியில் குறிமுனையைச் சரிசெய்ய வழியிருக்காது. கனமாக, மெதுவாகப் போகும் குண்டு கொஞ்சம் மேலே படும்.

துடைக்கும்போது ஒரு விஷயம். .38ஐ .357 சிலிண்டரில் சுட்டுக்கொண்டே இருந்தால் உறையின் வாய் முடியும் இடத்தில் கரி வளையமாகப் படியும். விட்டுவிட்டால் ஒருநாள் மேக்னம் தோட்டா உள்ளே போகாமல் மக்கர் செய்யும். ஒவ்வொரு தடவையும் சால்வென்ட் விட்டு, மெதுவான பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். டைட்டேனியச் சிலிண்டரில் உப்புத்தாளோ உரசும் பசையோ படவே கூடாது, மேல் பூச்சு போய்விட்டால் திரும்ப வராது. தோட்டாவின் மேல் எண்ணெய் தெளிக்காதீர்கள், பிரைமருக்குள் கசிந்தால் வெடிக்காமல் போகலாம். பையில் இருக்கும் ஐந்தை வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டு, பழையதை ரேஞ்சில் சுட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பெண்ணுக்கு இலகுவான துப்பாக்கி என்று விற்கிற வழக்கம் இந்த ஊரில் மாறவே மாட்டேன் என்கிறது. இலகுவாக இருப்பது தூக்குவதற்கு. சுடுவதற்கு அதுதான் கடினமான துப்பாக்கி, பழகியவர்களுக்கே வேர்க்கும். மாற்றிக்கொள்ள வாய்ப்பிருந்தால் 26 அவுன்ஸ் சுமாருக்கு இருக்கும் ரூகர் எஸ்பி101 மாதிரி ஒரு எஃகு ரிவால்வரில் இதே .38ஐச் சுட்டுப் பாருங்கள். கைப்பை கனக்கும், கை வலிக்காது. எடையே ஆகாது என்றால் .32 எச் அண்ட் ஆர் மேக்னம் என்று 1984இல் வந்த ஒரு தோட்டா இருக்கிறது, உதை குறைவு, சில சின்னச் சிலிண்டர்களில் ஆறு பிடிக்கும். பல ரேஞ்சுகளில் வாடகைக்குத் துப்பாக்கி தருவார்கள், வாங்குவதற்கு முன் சுட்டுப் பார்க்கலாம்.

கைப்பை என்றீர்கள். சாவி, லிப்ஸ்டிக், சில்லறையோடு துப்பாக்கியை அப்படியே போட்டு வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். அதற்கென்று தனி அறை, விசையை மூடிய உறை, இரண்டும் கட்டாயம். வீடு வந்ததும் பையைச் சோபாவில் வீசும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிட்டு, முதலில் துப்பாக்கியைப் பூட்டுப்பெட்டியில் வையுங்கள். குழந்தை இருக்கிற வீடா என்று நீங்கள் எழுதவில்லை, விருந்தாளிகளுக்குக் குழந்தைகள் இருக்கும்.

ஜிப்லாக் பையில் மிச்சமிருக்கும் தொண்ணூற்றுச் சொச்சத் தோட்டாவை என்ன செய்வது? கணவருக்கு விட மனசு வராது, எனக்குத் தெரியும். ஆனால் யார், என்ன மருந்து, எவ்வளவு போட்டார் என்று தெரியாத தோட்டாவைக் கனமான துப்பாக்கியிலும் சுடக் கூடாது. குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள். நீங்கள் போகும் ரேஞ்சில் வெடிக்காத, வேண்டாத தோட்டாக்களைப் போட ஒரு வாளி வைத்திருப்பார்கள், அன்றைக்கு உதவிய ஆபீசரிடமே கேளுங்கள். இல்லையென்று சொன்னால் உங்கள் ஊர் போலீஸின் அவசரமில்லாத எண்ணுக்குப் போன் செய்து, எங்கே ஒப்படைப்பது என்று கேட்டுக்கொண்டு எடுத்துப் போங்கள்.